மலையில் குடியிருப்பவர் கைத்துப்பாக்கி தேர்ந்தெடுக்கும் முறை

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் தேயிலைத் தோட்டத்துக்குள் தனி வீட்டில் குடியிருப்பவர்கள் கைத்துப்பாக்கி வாங்குவதைப் பற்றி என்னிடம் விசாரிக்கும்போது, பெரும்பாலும் கரடியில்தான் தொடங்குவார்கள். சமையலறைக் கதவைப் பிறாண்டிய கரடி, விடியற்காலையில் பால் வாங்கப் போன பாதையை மறித்து நின்ற காட்டெருமை என்று கதை வளரும். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மிருகத்துக்காகக் கைத்துப்பாக்கி வாங்காதீர்கள் என்பதுதான். நம் நாட்டில் தனிநபருக்கு வழக்கமாகக் கிடைப்பது .32 அங்குலக் குழல் அளவுள்ள, சுழலும் உருளையில் தோட்டா இடும் ரிவால்வரோ, பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி (மேகசின்) உள்ள பிஸ்டலோதான். ஆயிரம் கிலோவை நெருங்கும் ஆண் காட்டெருமையை அந்தச் சிறு தோட்டா நிறுத்தாது. வலியில் வெறிகொண்டு நம் மேல் பாயவைக்கும். கரடி, காட்டெருமை, சிறுத்தை, யானை எல்லாமே 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்துடன் கொன்றால் குற்றமில்லை என்று அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொன்னாலும், அந்த நிலைமை இருந்தது என்று வனத்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் விளக்க வேண்டியிருக்கும். மிருகத்துக்கு நல்ல டார்ச் விளக்கும், இருட்டிய பின் நடந்து போகாத பழக்கமும், குப்பையை வெளியே போடாத ஒழுங்கும் போதும்.

ஆகவே கைத்துப்பாக்கி என்பது மனிதரால் வரும் ஆபத்துக்கு மட்டும், அதுவும் ஓர் அறையின் நீளத்துக்குள் நேரும் ஆபத்துக்கு மட்டும் உரிய கருவி என்று முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கூலிப் பணத்தை வங்கியிலிருந்து எடுத்துக்கொண்டு வளைவு வளைவாகத் தோட்டத்துக்குத் திரும்புபவர், நெடுநாள் நிலத்தகராறில் கொலை மிரட்டல் வந்தவர், அக்கம்பக்கம் வீடில்லாத பங்களாவில் வயதான பெற்றோருடன் இருப்பவர் ஆகியோரின் தேவை இந்த வகையைச் சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையை விளக்குகின்றன. தற்காப்புக்குத் தேவையானதைவிடக் கூடுதலான தீங்கு செய்யும் உரிமை யாருக்கும் இல்லை என்று 37ஆம் பிரிவு கூறுகிறது. வேலியோரத்துச் சில்வர் ஓக் மரத்தை இரவில் அறுத்துக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டு அதைத் தற்காப்பு என்று சொல்ல முடியாது. இந்த வேறுபாடு விளங்காதவர் உரிமத்துக்கு விண்ணப்பிக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

எந்தத் துப்பாக்கி என்று யோசிப்பதற்கு முன் உரிமம் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். நீலகிரியில் உதகையில் உள்ள மாவட்ட ஆட்சியரிடமும், கொடைக்கானல், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதியினர் திண்டுக்கல் ஆட்சியரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை விசாரணை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் இதில் அடங்கும். சமவெளிக்காரர்கள் பலருக்கு இல்லாத ஒரு தடை நமக்கு உண்டு: ஒரு சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் புதிய துப்பாக்கி உரிமம் வழங்குவதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு தேவை என்று வன உயிரினச் சட்டத்தின் 34ஆம் பிரிவு கூறுகிறது. முதுமலையைச் சுற்றியுள்ள மசினகுடி, கூடலூர்ப் பகுதிகளையும், 2013இல் கொடைக்கானல் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பின் மேற்குப் பழனி மலையின் பல ஊர்களையும் இந்தக் கோட்டுக்குள் வைத்துப் பார்த்தால், விண்ணப்பங்கள் ஏன் இவ்வளவு காலம் கிடக்கின்றன என்பது விளங்கும். கர்நாடகத்தின் குடகில் உரிமம் பெறுவதிலிருந்தே சிலருக்கு விலக்கு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அந்த விலக்கு குடகுக்கு மட்டும்தான். நம் மலைகளுக்கு அதில் பங்கில்லை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று தாத்தா காலத்தில் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கியின் உரிமமும் கைத்துப்பாக்கிக்குச் செல்லாது.

இனித் தேர்வுக்கு வருவோம். கைப்பேசியில் வரும் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு 9 மில்லிமீட்டர் பிஸ்டல் வேண்டும் என்று வருகிறவர்களை ஏமாற்றத்துடன்தான் திருப்பி அனுப்ப வேண்டியுள்ளது. 9 மி.மீ., .38, .455 ஆகியவை இங்கே தடைசெய்யப்பட்ட அளவுகள். சாதாரண உரிமத்தில் அவற்றை வாங்க முடியாது. தனிநபர் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கியை இறக்குமதி செய்வதும் 1980களின் பிற்பகுதியில் நின்றுவிட்டது. அதனால்தான் அதற்கு முன் வந்து சேர்ந்த பழைய வெப்லி ஸ்காட், வால்தர் துப்பாக்கிகள் கைமாறும்போது பல லட்சம் விலை பேசுகின்றன. பெயருக்காக அவ்வளவு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உதிரிப் பாகம் கிடைக்காத துப்பாக்கியைத் தற்காப்புக்கு நம்ப முடியாது.

மிஞ்சுவது பெரும்பாலும் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளின் .32 துப்பாக்கிகள். 2021 அக்டோபரில் அந்தத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது சிறு ஆயுதங்கள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்திடம் போயின. நம் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை வேறொன்றுடன் சேர்ந்தது. .32 என்ற ஒரே எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. ரிவால்வரின் தோட்டா நீளமானது, விளிம்புடையது. பிஸ்டலின் தோட்டா குட்டையானது. ஒன்றை மற்றதில் பயன்படுத்தக் கூடாது. கடையில் பெட்டியை வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதை ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.

ரிவால்வரா, பிஸ்டலா என்பதுதான் அதிகம் யோசிக்க வேண்டிய இடம். அஷானி என்ற .32 பிஸ்டல் தட்டையானது, இடுப்பில் துருத்தாது, மேகசினில் எட்டுத் தோட்டா பிடிக்கும். ஆனால் அதைச் சுடும் நிலைக்குக் கொண்டுவர மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து விட வேண்டும். அதன் ஸ்பிரிங் கடினமானது, இரண்டு கையும் வேண்டும். மார்கழியில் உதகையில் உறைபனி விழுந்த விடியலில், விரல் நுனியில் உணர்வு போய்விட்ட நேரத்தில் அதை இழுத்துப் பார்த்தவருக்கு நான் சொல்வது புரியும். தோட்டாவை முன்கூட்டியே குழலில் ஏற்றிவைத்துக் காப்புப் பொத்தானை நம்பித் திரியலாமே என்பார்கள். பல வருடம் இடைவிடாமல் பயிற்சி செய்தவருக்கு அது சரி. வருடத்துக்கு இரண்டு முறை சுடுகிறவருக்கு அது ஆபத்து. இன்னொன்று, நம் மலையின் ஈரத்தில் தோட்டா நமுத்துப்போய் வெடிக்காமல் போவது அபூர்வமல்ல. பிஸ்டலில் அப்படி நேர்ந்தால் மறுபடி மேற்பகுதியை இழுத்து அந்தத் தோட்டாவை வெளியேற்ற வேண்டும். ரிவால்வரில் ட்ரிக்கரை மறுபடி அழுத்தினால் உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். ஆறே தோட்டாதான் என்றாலும், மலையில் முதன்முதலாக வாங்குகிறவருக்கு நான் ரிவால்வரையே பரிந்துரைக்கிறேன்.

ரிவால்வர்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. கான்பூரின் பழைய .32 ரிவால்வர் கனமானது. கனம் இருப்பதால் சுடும்போது கை அதிகம் துள்ளாது, ஆனால் நாள் முழுவதும் இடுப்பில் சுமக்க அலுப்பாக இருக்கும். பெண்களை மனத்தில் வைத்து 2014இல் வெளியிட்ட நிர்பீக் சுமார் அரைக்கிலோ எடைதான். வெளிவந்தபோதே சுமார் 1.22 லட்சம் ரூபாய் விலை வைத்தார்கள். இவை இரண்டும் நடுவில் மடக்கித் திறந்து தோட்டா இடும் வகை. 2023 ஆகஸ்டில் வந்த பிரபல் என்ற ரிவால்வரில் உருளை பக்கவாட்டில் வெளியே வரும். துப்பாக்கியை மடக்காமலே தோட்டா மாற்றலாம். .22 அளவுள்ள நிடர் கால் கிலோ எடையில் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும் என்றாலும், அத்தனை சிறிய தோட்டாவை நம்பி இருக்கும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கடையில் வாங்குகிறவர் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. உருளை காலியாக இருப்பதைக் கடைக்காரரும் நீங்களும் கண்ணால் பார்த்த பின், அவருடைய அனுமதியுடன், பாதுகாப்பான திசையில் நீட்டி, பின்புறச் சுத்தியலான ஹேமரைப் பின்னுக்கு இழுக்காமல் ட்ரிக்கரை மட்டும் முழுதாக அழுத்திப் பாருங்கள். முன் குறிமுள் ஆடாமல் ஆறு முறை அழுத்த முடிகிறதா? மூன்றாவது முறையிலேயே மணிக்கட்டு நடுங்கினால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கானதல்ல. பிடியைப் பற்றியபோது சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் கீழே தொங்குகிறதா என்றும் பாருங்கள். பழைய துப்பாக்கியாக இருந்தால் குழலின் ஒரு முனையில் வெள்ளைத்தாளைப் பிடித்து மறுமுனையிலிருந்து உள்ளே பாருங்கள். அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரிந்தால் அது ஈரத்தில் கிடந்து துருவேறியது. மடக்கும் வகையாக இருந்தால் பூட்டிய பின் குழலை மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருக்கக் கூடாது.

மறைத்துச் சுமப்பது இங்கே தனித் திறமை அல்ல, விதியோடு பொருந்திய பழக்கம். பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் இட்டு, உடலோடு, தன் கட்டுப்பாட்டில்தான் கொண்டுசெல்ல வேண்டும். வெளியே எடுத்துக் காட்டுவதும் குற்றம். ஸ்வெட்டர், ஜெர்கின், சால்வை என்று எப்போதும் மூடிக்கொண்டிருக்கும் நமக்கு மறைப்பது எளிது, எடுப்பதுதான் கடினம். உரிமம் வாங்கிய முதல் வருடம் வீட்டில் காலித் துப்பாக்கியை வைத்து எடுத்துப் பழகியபோது, ரிவால்வரின் ஹேமர் நுனி என் கம்பளி ஸ்வெட்டரின் உள்பக்க நூலில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு, நூல் ஒரு சாண் நீளத்துக்கு உருவிக்கொண்டு வந்தது. அந்த ஸ்வெட்டரை என் மனைவி பின்னியது என்பதால் அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. அதன் பிறகு உள்ளே வழுவழுப்பான துணி வைத்த ஜெர்கினை மட்டுமே மேலே போடுகிறேன். ஜிப்பைப் பாதிவரைதான் இழுப்பேன். உறையைத் தேர்ந்தெடுக்கும்போது ட்ரிக்கரை முழுதாக மூடுகிறதா, கையை விட்டுக் குனிந்தால் துப்பாக்கி நழுவாமல் பிடித்துக்கொள்கிறதா, பெல்ட் அதன் எடையைத் தாங்குகிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். சால்வை மடிப்பிலோ கைப்பைக்குள் சாவிக்கொத்தோடோ உறையில்லாமல் போட்டுவைப்பது தற்செயலாக வெடிக்க வழி செய்வதாகும்.

தோல் உறை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நம் ஆடி மழையில் ஒரு வாரத்தில் பூசணம் பூத்துவிடும். தோலுக்குள்ளேயே வைத்துவிட்டு வெளியூர் போய்த் திரும்பிய ஒருமுறை, என் ரிவால்வரின் உருளையில் தோல் ஒட்டியிருந்த பக்கம் மட்டும் மிளகாய்த்தூள் தூவியதுபோல் சிவந்திருந்தது. எண்ணெயும் மெல்லிய துணியும் கொண்டு ஒரு மாலை முழுவதும் துடைத்தும் தடம் போகவில்லை. சுமப்பதற்கு ஈரம் ஏறாத கெட்டிப் பிளாஸ்டிக் உறையும், வீட்டில் வைக்க உறையில்லாமல் எண்ணெய்த் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு இரும்புப் பெட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டாவைத் தனியாகப் பூட்ட வேண்டும். தோட்டாவின் பித்தளையில் பச்சைக் களிம்பு தெரிந்தால் அதைப் பயிற்சிக்குக்கூடப் பயன்படுத்தாமல் விற்பனையாளரிடம் ஒப்படைத்துவிடலாம்.

உரிமத்தில் அது எந்தப் பரப்புக்குச் செல்லும் என்று எழுதியிருப்பதைக் கவனிக்காதவர்கள் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அதிகம். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் கேரள எல்லையை ஒட்டிய பாட்டவயலையோ நாடுகாணியையோ தாண்டியதும் அது வெறும் தாள். காய்கறி வண்டியோடு சுல்தான் பத்தேரிக்குப் போய்வருகிறவர் அன்று துப்பாக்கியை வீட்டில் பூட்டிவிட்டுப் போக வேண்டும். முதுமலைச் சரணாலயத்துக்குள் தெப்பக்காடு வழியாகக் கக்கநல்லாவுக்குப் போகும் சாலையில் மாநில எல்லை வருவதற்கு முன்பே சிக்கல் தொடங்கிவிடும். சரணாலயத்துக்குள் ஆயுதத்துடன் நுழைவதற்கு முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி வேண்டும், கையில் உரிமம் இருக்கிறது என்பது அங்கே பதிலாகாது.

2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். வீட்டில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் காவல் நிலையத்திலிருந்து ஒப்படைக்கச் சொல்லி அழைப்பு வரலாம். ஒப்படைக்கும்போது வரிசை எண்ணோடு ரசீது வாங்கிக்கொண்டு, திரும்பப் பெறும் நாளில் குழலைத் துடைத்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். பயிற்சிக்குச் சமவெளிக்கு இறங்கிக் கோவை போன்ற ஊரின் ரைஃபிள் கிளப்புக்குத்தான் போக வேண்டியிருக்கும். போகும்போது மெல்லிய சட்டையில் போகாதீர்கள். வீட்டில் அணியும் ஜெர்கினையும், கைவிரல் உறையையும், அன்றாடம் கட்டும் பெல்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கிளப்பின் பயிற்சியாளர் அனுமதித்தால், கோவை வெயிலில் வியர்த்தாலும், அவற்றை அணிந்துகொண்டே சுட்டுப் பழகுங்கள்.