புது ஃபீச்சருக்கு ஃபீட்பேக் குடுக்கறப்ப நம்மாளுங்க பண்ற தப்புங்க

ஒரே சர்வர்ல பல விஎம் (விர்ச்சுவல் மெஷின், சாஃப்ட்வேராலயே ஆன கம்ப்யூட்டர்) ஓட்டுற பிராக்ஸ்மாக்ஸோ விஎம்வேரோ, புது வெர்ஷன் வந்த வாரத்துல பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிங்கள்ல சர்வர் பாக்குற நம்ம பசங்களோட வாட்ஸ்அப் குரூப்ப தொறந்தா ஒரே புலம்பல்தான், இது வேலை செய்யல, அத எங்க கொண்டுபோய் வச்சாங்க, பழசே நல்லாருந்துச்சு. எல்லாம் குரூப்லயே நின்னுடுது, மொத தப்பு அதான்.

சொன்னா மட்டும் கேப்பாங்களான்னு கேக்குறவங்களுக்கு ஒன்னு. விஎம்வேரோட விஸ்ஃபியர்ல, சர்வர பிரவுசர்லேர்ந்து பாத்துக்குற ஃபிளாஷ் வெப் கிளையன்ட் ஸ்லோன்னு எல்லாரும் சொல்லிட்டே இருந்தாங்க, 2016ல ஃபிளாஷ் இல்லாம ஓடுற எச்டிஎம்எல்5 கிளையன்ட்ட சோதனைக்கு விட்டப்ப ஃபீட்பேக் அனுப்புற பட்டன ஸ்கிரீன்லயே வச்சாங்க, ஆளுங்க எழுத எழுத கொஞ்சம் கொஞ்சமா சேத்து 2018 அக்டோபர்ல 6.7 அப்டேட் 1ல முழுசா கொண்டு வந்துட்டாங்க. கேக்குறாங்க, நாம ஒழுங்கா சொல்லணும்.

எழுதறதுக்கு முன்னாடி பிரவுசர பாருங்க. அப்கிரேட் முடிஞ்சதும் மெனு காணோம், ஸ்கிரீன் கோணலா வருதுன்னா பாதி நேரம் பிரவுசர் சேத்து வச்ச பழைய கேஷ்தான், கன்ட்ரோல் ஷிஃப்ட் ஆர் அமுக்கி ரீலோட் பண்ணிட்டு பேசுங்க. வெர்ஷன "லேட்டஸ்ட்"னு எழுதாதீங்க, இன்னிக்கு லேட்டஸ்ட் அடுத்த மாசம் பழசு. பிராக்ஸ்மாக்ஸ்ல நோட் (ஒரு சர்வர்) சம்மரிலயே பேக்கேஜ் வெர்ஷன்ஸ்னு பட்டன் இருக்கு, அமுக்கி காப்பி பண்ணி போட்டா போதும்.

டைம் விஷயத்துல நம்ம ஊர்ல நெறைய பேர் மாட்டிக்கிறாங்க. விஎம்வேரோட ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர் எழுதுற லாக் (நடந்தத குறிச்சு வைக்கிற ஃபைல்) எல்லாம் யூடிசில (உலக பொது நேரம்) ஓடும், நம்ம மலேசியா டைம விட 8 மணி நேரம் பின்னாடி. நீங்க "காலைல 10.15க்கு விஎம் தொங்கிருச்சு"ன்னு எழுதுவீங்க, லாக்ல அது 02:15, படிக்கிறவரு 10:15ல தேடி ஒன்னும் இல்லன்னு மூடிட்டு போயிடுவாரு. மலேசியா டைம், யூடிசி ரெண்டையும் எழுதுங்க.

என்னைய கேட்டா பெரிய தப்பு, வேலைய சொல்லாம தீர்வ மட்டும் சொல்றது. "பல்க் மைக்ரேட்ட (பல விஎம்ம ஒரே தடவைல வேற நோடுக்கு மாத்துற பட்டன்) மேல கொண்டு வா"ன்னு எழுதுனா அது ஒரு பட்டன் சண்டை, அவ்ளோதான். அதையே "நைட் ஷிஃப்ட்ல லைன் நிக்காம ஒரு நோட பேட்ச் பண்ணணும், அதுல இருக்குற விஎம் எல்லாத்தயும் மத்த நோடுக்கு தள்ளிட்டேன், ரீபூட் ஆனதும் எது எது இங்கேர்ந்து போச்சுன்னு தெரியாம ஒன்னொன்னா தேடி டிக் பண்ண வேண்டியிருக்கு"ன்னு எழுதி பாருங்க, செய்யிறவருக்கு நம்ம சர்வர் ரூம் கண்ணு முன்னாடி வரும், பட்டன விட நல்ல வழி அவருகிட்டயே இருக்கலாம். எங்க கிளிக் பண்ணீங்க, என்ன வரும்னு நெனச்சீங்க, என்ன வந்துச்சு, இந்த மூணும் இல்லாத ரிப்போர்ட்ட வச்சு யாராலயும் ஒன்னும் பண்ண முடியாது.

டெக்னாலஜி ப்ரிவியூன்னு, அதாவது இன்னும் சோதனைலதான் இருக்குன்னு, போட்டிருக்கறத புரொடக்‌ஷன்ல ஏத்திட்டு திட்டுறதும் நியாயமில்ல. 2025 ஆகஸ்ட்ல வந்த பிராக்ஸ்மாக்ஸ் 9.0ல திக் எல்விஎம்ல (டிஸ்க் எடத்த மொத்தமா முன்னாடியே ஒதுக்குற முறை) ஸ்னாப்ஷாட் (விஎம்மோட அந்த நேரத்து நெலமைய பிடிச்சு வைக்கிறது) வந்துச்சு, சான் ஸ்டோரேஜ் (பல சர்வரும் நெட்வொர்க் வழியா சேந்து பயன்படுத்துற ஸ்டோரேஜ்) வச்சிருக்குற, விஎம்வேர்லேர்ந்து மாற பாக்குற கம்பெனிங்க ரொம்ப நாளா கேட்டது, ஆனா ப்ரிவியூவாத்தான் குடுத்தாங்க. டெஸ்ட் நோட்ல ஓட்டுங்க, ஒடைஞ்சா அந்த ரிப்போர்ட்டுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி.

லாக் பண்டில (லாக் எல்லாத்தையும் சேத்து கட்டுன ஃபைல்) அப்படியே பொதுவுல ஏத்திடாதீங்க ப்ளீஸ். ஐபி, ஹோஸ்ட் நேம், கஸ்டமர் பேர்லயே வச்ச விஎம் எல்லாம் உள்ள இருக்கும். மாத்திட்டு போடுங்க.

ஒரு ரிப்போர்ட்ல ஒரு விஷயம் போதும். வேற யாரோ அதே பிரச்சனைய ஏற்கனவே போட்டிருந்தா "எனக்கும்"னு மட்டும் எழுதாம உங்க ஸ்டோரேஜ், நெட்வொர்க் என்னன்னு அதுக்கு கீழயே சேருங்க.

போட்டுட்டு மறந்துடவும் கூடாது. பிராக்ஸ்மாக்ஸ் ஆளுங்க வியன்னால இருக்காங்க, நமக்கு சாயந்தரம் 4 மணின்னா அங்க காலைல 9 இல்ல 10, அவங்க கேள்வி கேட்டு எழுதறது நாம வீட்டுக்கு கெளம்புற நேரத்துலதான் வரும், மறுநாள் காலைல வந்ததும் மொத வேலையா பதில் போட்டுடுங்க.