பாலக்காட்டுக்குப் புதுசா வந்திருக்கீங்களா? சாப்பாட்டுலயும் நடையிலயும் காட்டுலயும் தவிர்க்க வேண்டிய தப்புங்க

போன மாசம் எங்க கம்பெனிக்கு ஈரோட்டுலருந்து மூணு பசங்க புதுசா வந்தாங்க. வேலை கஞ்சிக்கோட்டுல, தங்குறது பாலக்காடு டவுன்ல. வந்த முதல் ஞாயித்துக்கிழமையே காலையில அஞ்சு மணிக்கு பைக்க எடுத்துட்டு தோணிங்கற மலையடிவார ஊர் பக்கம் காட்டோர ரோட்டுக்குப் போய் வாக்கிங் போயிட்டு, திங்கக்கிழமை வந்து எனக்கு போட்டோ காட்டுறாங்க. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. ஒம்பது வருசத்துக்கு முன்னாடி நான் பண்ணின அதே வேலை, அதே பக்கம், அதே நேரம். மத்தியானம் கேண்டீன்ல உக்கார வச்சு ஒரு மணி நேரம் பேசினேன். பேசினத எழுதி வச்சா அடுத்து வர்றவங்களுக்கும் ஆகும்னுதான் இது.

குப்பை போடாதீங்க, குரங்குக்கு பிஸ்கட் போடாதீங்க, வழுக்குற பாறையில ஏறாதீங்கன்னு சொல்லப் போறதில்ல. அதெல்லாம் போர்டுலயே எழுதியிருக்கு.

கறின்னா கறி இல்ல

எங்க பேட்ச்ல சைவம் சாப்பிடுற பையன் ஒருத்தன், ஹோட்டல்ல 'கடலக்கறி'ன்னு சொன்னதும் எந்திரிச்சுப் போயிருவான். ரெண்டு வாரம் வாழைப்பழமும் பன்னும்தான். கடலக்கறின்னா கொண்டக்கடலைக் குழம்புங்க. மலையாளத்துல கறின்னா சோத்துக்கோ புட்டுக்கோ தொட்டுக்குற எல்லாமே கறிதான், காய் போட்டாலும் கறி மீன் போட்டாலும் கறி. வெள்ளம்னா தண்ணி. ஊணுன்னா மத்தியான சாப்பாடு. இந்த மூணு வார்த்தை தெரிஞ்சா முதல் வாரத்த ஓட்டிரலாம்.

தம்ளர்ல செவப்பா வெதுவெதுன்னு தண்ணி வரும், அத அழுக்குத் தண்ணின்னு கீழ ஊத்தாதீங்க. பதிமுகம்னு ஒரு மரத்தோட கட்டையச் சீவிப் போட்டுக் கொதிக்க வச்ச தண்ணி அது. சில கடையில சீரகத் தண்ணி, அது லேசா மஞ்சளா இருக்கும். ரெண்டுமே கொதிச்ச தண்ணிங்கறதால புது ஊர்ல வயிறு கெடாம இருக்க இதவிட நல்லது கிடையாது.

அப்புறம் மட்ட அரிசி, அதான் கேரளா செவப்பரிசி. நம்ம பொன்னி மாதிரி ரெண்டு விசில் விட்டு இறக்கிட்டு, வேகவே இல்ல, இந்த ஊர் அரிசியே சரியில்லன்னு மூட்டையோட அடுத்த வீட்டுக்குக் குடுத்தவன் நான். நல்லா ஊற வச்சு, தண்ணி நிறைய வச்சு, நிதானமா வேகவிட்டு கஞ்சிய வடிக்கணும். பக்கத்து வீட்டு சேச்சிதான் சொல்லிக் குடுத்தாங்க. வடிச்ச கஞ்சியில உப்பு போட்டு, சுட்ட பப்படம், கல்பாத்தியில வாங்கின மோர்மிளகாக் கொண்டாட்டம் (வத்தலத்தான் இங்க கொண்டாட்டம்னு சொல்வாங்க), ராத்திரிக்கு அது போதும். இப்ப ஊருக்குப் போனா எனக்கு பொன்னி அரிசிதான் சப்புன்னு இருக்கு.

ராமசேரி இட்லிக்கு பத்து மணிக்கு மேல போறது

காலையில போங்க. எலப்புள்ளி பக்கத்துல சின்ன ஊர் அது, தமிழ்நாட்டுலருந்து தலைமுறைக்கு முன்னாடி வந்த முதலியார் குடும்பங்க சுடுற இட்லி. மண்பானை வாய்ல நூல் வலை கட்டி, அதுமேல துணி போட்டு மாவ ஊத்தி ஆவியில வேக வைக்கிறாங்க. தட்டையா, ஒரு குட்டித் தோசை மாதிரி இருக்கும். உடனே சாம்பாருக்குள்ள முக்காதீங்க, முதல்ல பொடியும் தேங்காண்ணெயும் தொட்டு ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்க.

விடியறதுக்கு முன்னாடி காட்டோரத்துல நடக்குறது

இதுக்குத்தான் இத எழுதவே உக்காந்தேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

நான் வந்த புதுசுல எல்லாரையும் மாதிரி எனக்கும் ஒரு கணக்கு இருந்துச்சு. யானை ராத்திரியில வரும், விடிஞ்சா போயிரும், அதனால அஞ்சு மணிக்கு மேல நடந்தா பயமில்ல. இந்தக் கணக்குதான் ஆள முடிக்கும். யானை ராத்திரி இறங்கி வயலுக்கும் தோட்டத்துக்கும் வந்து சாப்பிட்டுட்டு, வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி காட்டுக்குத் திரும்புது. திரும்புற நேரம் எது? நாலரை, அஞ்சு, ஆறு. நாம ஷூவ மாட்டிட்டு கிளம்புற நேரம். நாம நடக்குற ரோடு எது? காட்டுக்கும் ஊருக்கும் நடுவுல போற ரோடு. அதாவது அது வீட்டுக்குப் போற வழியில, அது போற நேரத்துல, நாம குறுக்க நிக்கிறோம்.

பலாப்பழ சீசன் அது. மே மாசக் கடைசி. வெளிச்சம் சரியா வரல. ரப்பர் தோட்டத்த ஒட்டிப் போற ரோட்டுல நடந்துட்டிருந்தேன், ஒரு பக்கம் மலம்புழா தண்ணி வர்ற கிளை வாய்க்கால், சிமெண்ட் கரை. பழுத்த பலா வாசம் கமகமன்னு வந்துச்சு. எனக்கு அது சந்தோசமாத்தான் இருந்துச்சு, யார் வீட்டுலயோ பழம் வெட்டியிருக்காங்கன்னு நினைச்சேன். இன்னும் நாலு எட்டு வச்சா ரோட்டுலயே ஒரு முழுப் பலா நசுங்கிக் கிடக்கு, சக்கையும் சுளையும் தாருல ஒட்டிக்கிட்டு, கொட்டையெல்லாம் செதறி. பக்கத்துல சாணி, அதுலருந்து ஆவி வருது. இதுக்கு மேல ஒரு ஆளுக்கு என்ன சொல்லணும்? அந்த எடத்துலயே திரும்பியிருக்கணும்.

ரப்பர் வெட்டுற சேட்டன் ஒருத்தர் தலையில லைட்டோட மேல இருந்து பார்த்துட்டாரு. லைட்ட இப்படியும் அப்படியும் ஆட்டி, 'ஆனயுண்டு, அங்கோட்டு போவண்டா'ன்னு கத்துறாரு. எனக்குப் புரிஞ்சுச்சு, நல்லாவே புரிஞ்சுச்சு. தமிழ் தெரிஞ்சவனுக்கு அது புரியாம போகுமா? ஆனா நான் திரும்பல. கழுத்துல புது பைனாகுலர், வாழ்க்கையில முதல் காட்டு யானை, ஒரு தடவை பார்த்துட்டுப் போயிரலாம்னு நின்னுட்டேன். இத இப்ப நினைச்சாலும் எனக்கு எரிச்சலா வருது. தெரியாம பண்ணினத மறந்துரலாம், ஒருத்தர் தொண்டை கிழியக் கத்திச் சொல்லியும் நின்னத எப்படி மறக்குறது?

கொம்பன். ஒத்தை. வளைவுல பாதி உடம்பு தெரிஞ்சுச்சு, ரோட்டு மண்ணு கலர்லயே இருந்துச்சு, நின்னுட்டிருந்தது யானைன்னு கண்ணுக்குப் பிடிபடவே நேரம் ஆச்சு. சத்தமே இல்ல. எல்லாரும் யானைன்னா மரம் உடையற சத்தம் வரும்னு நினைக்கிறாங்க, அது சாப்பிடும்போதுதான். நடக்கும்போது அந்தப் பெரிய பாதத்த மெத்துன்னு வைக்கும், ஒண்ணும் கேக்காது. கண்பார்வை அதுக்கு அவ்வளவா கிடையாது, ஆனா மோப்பமும் காதும் ரொம்பக் கூர்மை. காத்து என் முதுகுப் பக்கமிருந்து அது பக்கம் அடிச்சிட்டிருந்தது. தும்பிக்கைய என் பக்கம் தூக்குச்சு, காது ரெண்டும் விரிஞ்சுச்சு, நான் ஓடினேன். எந்தப் பக்கம்னு பார்க்கல. வாய்க்கால்ல விழுந்தேன், தண்ணி இல்லாத வாய்க்கால். இடது மணிக்கட்டு சிமெண்ட்ல அடிச்சு உடைஞ்சு போச்சு.

சேட்டன் மேல இருந்து தகரத்தத் தட்டிக்கிட்டே இருந்தாரு. அது ரெண்டு எட்டு என் பக்கம் வச்சிட்டு, அப்புறம் ரப்பருக்குள்ள ஏறிப் போயிருச்சு. என்னத் தூக்கி வண்டியில உக்கார வச்சவரும் அவர்தான். கையில தகடு வச்சாங்க, ஆறு வாரம் லீவு, அந்த வருசம் சேத்து வச்ச பணம் பூராவும் அதுக்கே போச்சு. பணம் போனத விடுங்க. அவருக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க. எனக்காக அவர் தகரம் தட்டினப்போ அந்த யானை அவர் பக்கம் திரும்பியிருந்தா?

இதக் கதைன்னு நினைச்சா, தோணியில யார்கிட்ட வேணாலும் கேளுங்க. 2022 ஜூலைல அங்க காலை நடை போனவர் ஒருத்தர் யானை அடிச்சு இறந்து போனாரு. PT-7னு (பாலக்காடு டஸ்கர் 7) வனத்துறை பேர் வச்சிருந்த கொம்பன், மாசக்கணக்கா ஊருக்குள்ள வந்துட்டிருந்தது. கடைசியா 2023 ஜனவரி 22ஆம் தேதி கும்கிகளக் கொண்டுவந்து மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு, தோணியிலயே மரக்கூண்டுல அடைச்சாங்க. பிடிச்ச பிறகு பார்த்தா அது உடம்புல துப்பாக்கி ரவை. யாரோ எப்பவோ சுட்டிருக்காங்க. அந்த ஆள் இறந்ததும் பாவம், அந்த யானை கூண்டுக்குள்ள போனதும் பாவம். ரெண்டுமே எனக்கு ஒரே கணக்குலதான் வருது.

அதனால, மலையடிவாரத்துல நடக்கணும்னா நல்லா வெளிச்சம் வந்து, டீக்கடை திறந்து, ஸ்கூல் பஸ் ஓட ஆரம்பிச்ச பிறகு போங்க. சாயங்காலம் மங்குறதுக்கு முன்னாடி திரும்பிருங்க. போறதுக்கு முன்னாடி டீக்கடையிலயோ, பால் ஊத்த வர்றவங்ககிட்டயோ, ரப்பர் வெட்டுறவங்ககிட்டயோ ஒரே கேள்வி: 'ஆன எறங்கியிட்டுண்டோ?' ராத்திரி எந்தப் பக்கம் வந்துச்சு, எந்தத் தோட்டத்துல பலா சாச்சுச்சுன்னு அவங்களுக்கு அத்துப்படி, மேப்புல அது வராது. பலா சீசன்லயும் நெல்லு பால் பிடிக்கிற நேரத்துலயும் ரெண்டு மடங்கு கவனம். காதுல ஹெட்போன் கூடாது. பழுத்த பலா வாசம், புது சாணி, ஒடிஞ்சு கிடக்குற பனை மட்டை, இதுல ஒண்ணு தட்டுப்பட்டாலும் வந்த வழியே திரும்புங்க, எட்டிப் பார்க்காதீங்க.

அப்ப எங்கதான் நடக்குறது

கோட்டை. 1766ல ஹைதர் அலி கட்டினது, டவுன் நடுவுல, சுத்தி அகழி. காலையில ஊரே அங்க நடக்குது. அகழிக் கரையில மெதுவா போனா மீன்கொத்தி, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் பக்கத்துலயே பார்க்கலாம். காட்டு யானையப் பார்க்க நின்னு கைய ஒடிச்சுக்கிட்ட எனக்கு, ஒரு பெரிய அலகு மீன்கொத்தி மீனக் கிளையில அடிச்சு அடிச்சு முழுங்குறத முதல் தடவை பக்கத்துல காட்டினது இந்த அகழிதான்.

இல்லைன்னா கொல்லங்கோடு பக்கம் வயல் ரோடு. உழவு ஓடுற நாள்ல டிராக்டருக்குப் பின்னாடியே கொக்கு கூட்டமா வரும், நத்தை குத்தி நாரை சேத்துல நிக்கும், வரப்புல மயிலு. தெக்க பாத்தா நெல்லியாம்பதி மலை நீலமா நிக்கும். வரப்புல ஏறுறதுக்கு முன்னாடி வயல்காரங்களக் கேட்டுக்கோங்க, நாத்து மிதிபடக் கூடாது.

கல்பாத்திக்கு தேருக்கு மட்டும் போறவங்க நிறைய. நவம்பர்ல தேர் பார்க்க வேண்டியதுதான், ஆனா கூட்டத்துல அக்ரஹாரத்தப் பார்க்க முடியாது. சாதா நாள்ல சாயங்காலம் நடங்க, வாசல் கோலமும் திண்ணையும் ஆத்துப் படியும் அப்பத்தான் தெரியும். வடாம் கொண்டாட்டமும் அப்பவே வாங்கிக்கலாம்.

ரயில் பாதையில குறுக்கு வழி

கஞ்சிக்கோடு, வாளையார் பக்கம் வேண்டவே வேண்டாம். யானை தண்டவாளத்தத் தாண்டுற எடம் அது.

பரம்பிக்குளத்துக்கு பாலக்காட்டுலருந்து நேர் ரோடு தேடுறது

கிடையாது. இருக்குறது பாலக்காடு மாவட்டத்துல, போற வழி பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப். ரெண்டு மாநில செக்போஸ்டும் தாண்டணும், அதுக்குத் தக்க காலையிலயே கிளம்புங்க.

சைலண்ட் வேலியில போய் யானை எங்கன்னு கேக்குறது

முக்காலிங்கற ஊர்ல வனத்துறை ஜீப் ஏறி 23 கிலோமீட்டர் சைரந்திரி வரைக்கும் போற பாதை அது. 1984ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க, அணை கட்ட விடாம ஜனங்க போராடிக் காப்பாத்தின காடு. அங்க மேல பாருங்க, சிங்கவால் குரங்கு மரத்து உச்சியில இருக்கும். எங்க ஜீப்ல ரெண்டு பேர் வழி பூரா ஒண்ணுமே இல்லன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க, வழிகாட்டியா வந்தவர் முகம் வாடிப்போச்சு.

இருவாச்சிக் கூட்டுக்குக் கீழ நிக்கிறது

நெல்லியாம்பதியில இருவாச்சி பறந்தா ரெக்கைச் சத்தமே புஸ்ஸு புஸ்ஸுன்னு தலைக்கு மேல கேக்கும், முதல் தடவை கேட்டப்ப எனக்குப் புல்லரிச்சிருச்சு. ஆனா கூடு வைக்கிற காலத்துல பொண்ணு பறவை மரப்பொந்துக்குள்ள போய் வாசல அடைச்சுக்கும், ஒரு சின்ன இடுக்கு மட்டும் விடும். ஆண் பறவைதான் பழத்தக் கொண்டுவந்து அந்த இடுக்கு வழியா ஊட்டணும். நாம கேமராவோட கீழ நின்னா அது கிட்ட வராது, பழத்த வாயில வச்சுக்கிட்டு பக்கத்து மரத்துலயே உக்காந்திருக்கும். உள்ள தாயும் குஞ்சும் பசியோட கிடக்கும். பார்த்த உடனே தள்ளிப் போயிருங்க.

போன்ல பறவைச் சத்தம் போட்டுக் கூப்பிடுறது

பண்ணாதீங்க. இன்னொரு ஆண் பறவை தன் எடத்துக்கு வந்திருச்சுன்னு நினைச்சு, தீனியையும் குஞ்சையும் விட்டுட்டு சண்டைக்கு வரும்.

போன ஞாயித்துக்கிழமை அந்த மூணு பசங்களும் மறுபடி தோணி போகணும்னு நின்னாங்க. சேட்டனுக்கு போன் பண்ணினேன். 'ராத்திரி எறங்கியிட்டுண்டு, இன்னு வேண்டா'ன்னாரு. ஏழு மணிக்கு நாலு பேரும் கோட்டைக்குப் போனோம், அங்கிருந்து ராமசேரி. ஒம்பது மணிக்கு இட்லி சுடச்சுட இருந்துச்சு.