முதுநிலை மருத்துவ இட ஒதுக்கீடு: சான்றிதழ் கையில் இருந்தும் தவறுவது எங்கே?

நீட் முதுநிலைத் தேர்வு எழுதிய தமிழ்நாட்டு மருத்துவர் பெரும்பாலும் இரண்டு கலந்தாய்வுகளுக்கு விண்ணப்பிக்கிறார். அரசு மருத்துவக் கல்லூரிகளின் எம்.டி., எம்.எஸ். இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டிலும் மறுபாதி மாநில ஒதுக்கீட்டிலும் நிரப்பப்படுகின்றன. இவ்விரண்டிலும் ஒரே ஆள் வெவ்வேறு பிரிவினராக நிற்க நேரலாம் என்பதை மறப்பதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

மாநிலக் கலந்தாய்வில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 என மொத்தம் 69 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது. அகில இந்தியக் கலந்தாய்வுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவினருக்கு 10 விழுக்காடு. பின்னிரண்டும் 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்டு, 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்ற அனுமதியுடன் நடைமுறைக்கு வந்தவை. மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு அங்கே தனி இடம் கிடையாது. மத்தியப் பட்டியலில் சாதியின் பெயர் இருந்தால் 27 விழுக்காட்டுக்குள் எல்லோருடனும் சேர்ந்துதான் போட்டியிட வேண்டும்.

அதிகம் பேர் இடறுவது சான்றிதழில்தான். பள்ளிக் காலத்திலிருந்து பத்திரமாக வைத்திருக்கும் சாதிச் சான்றிதழ் மாநிலத்துக்குப் போதும்; ஏனெனில் வசதி படைத்த குடும்பத்தினரை விலக்கும் கிரீமி லேயர் என்ற வடிகட்டல் இங்கே இல்லை. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கோ, அந்த வளமான பிரிவைச் சேர்ந்தவர் அல்லர் என்று மத்திய அரசின் படிவத்தில், அந்த ஆண்டின் அறிவிப்பு கேட்கும் தேதிக்குள் பெறப்பட்ட சான்றிதழ் வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானத்துக்கான 8 லட்சம் ரூபாய் வரம்பைக் கேட்டதும் அப்பாவின் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்துத் தமக்குத் தகுதியில்லை என்று ஒதுங்கிவிடுபவர்கள் உண்டு. அரசு ஊழியரான பெற்றோரைப் பொறுத்தவரை சம்பளத் தொகை அல்ல, பெரும்பாலும் அவர்கள் பணியில் சேர்ந்த பதவியின் நிலையே பார்க்கப்படுகிறது. விவசாய வருமானமும் அந்த வரம்பில் சேராது. விண்ணப்பிப்பவர் மருத்துவராக ஈட்டும் சம்பளமும் கணக்கில் வராது. திருமணமான பெண்ணுக்கும் பெற்றோரின் நிலைதான் அளவுகோல், கணவருடையது அல்ல.

பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவுக்கு விதி நேர்மாறானது. அங்கே விண்ணப்பிப்பவரின் வருமானம், துணைவரின் வருமானம், பெற்றோரின் வருமானம் எல்லாம் ஒன்றாகக் கூட்டப்படும். சம்பளமும் விவசாயமும் விலக்கல்ல. பயிற்சி முடித்து ஓராண்டு வேலை பார்த்த மருத்துவர், மாணவராக இருந்தபோது வாங்கிய சான்றிதழை நம்பி இருந்துவிடக் கூடாது. மேலும், இந்த 10 விழுக்காடு தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டில் நடைமுறையில் இல்லை.

பொதுப் போட்டிக்கான 31 விழுக்காட்டை முற்பட்ட சாதியினரின் பங்கு என்று எண்ணுவது, படித்தவர்களிடமும் கலையாத தவறான எண்ணம். அந்த இடங்கள் தரவரிசைப்படி எல்லோருக்கும் உரியவை. தரவரிசையில் முன்னிற்கும் பிற்படுத்தப்பட்ட மாணவர் அங்கே இடம்பெற்றால், அவரது பிரிவின் இடம் குறைவதில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான 5 விழுக்காடு தனிப் பிரிவாக நிற்காமல், ஒவ்வொரு பிரிவின் இடங்களுக்குள்ளும் குறுக்காக ஓடுவது. மாவட்ட மருத்துவமனையின் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மட்டும் கொண்டு போனால் போதாது. கலந்தாய்வுக் குழு குறிப்பிட்டுள்ள மையங்களில் பரிசோதனை செய்துகொண்டு சான்றிதழ் பெற வேண்டும். கடைசி வாரத்தில் அங்கே ஓடுவது வீண் பதற்றம்.

2025 ஜனவரியில் வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்துவிட்டு 69 விழுக்காடே போய்விட்டது என்று கலங்கியவர்களும் உண்டு. முதுநிலை மருத்துவத்தில் வசிப்பிடத்தை அடிப்படையாகக் கொண்ட ஒதுக்கீடு செல்லாது என்றுதான் அது கூறியது; சமூக ஒதுக்கீட்டை அது தொடவில்லை.

தகுதி மதிப்பெண்ணிலும் ஒரு குழப்பம் நிலவுகிறது. பொதுப் பிரிவுக்கும் பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவுக்கும் 50, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 40 என்று விதியில் இருப்பது பெர்சென்டைல், அதாவது தேர்வு எழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினரை ஒருவர் முந்தியிருக்கிறார் என்ற கணக்கு. நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் அல்ல. 2023-இல் அது எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியம் வரை இறக்கப்பட்டது. அந்த எல்லையைத் தாண்டுவது கலந்தாய்வு வாசலுக்குள் நுழைய மட்டுமே உதவும்.

தேர்வு விண்ணப்பத்தில் பிரிவைத் தவறாகக் குறித்தவர்கள், திருத்தத்துக்குத் தரப்படும் சில நாள்களுக்குள்ளேயே அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.