மாரியா, வாரியா? ஒரு ஸ்காட்லாந்துப் பெயரில் நேரும் தவறுகள்

எம், எச், ஏ, ஐ, ஆர், ஐ. ஸ்காட்லாந்தில் வைக்கப்படும் ஒரு பெண் பெயரின் எழுத்துகள் இவை. தமிழில் இதை 'ம்ஹைரி' என்றோ 'மைரி' என்றோ எழுதிவிடுவதுதான் முதல் தவறு. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் எம்மும் எச்சும் சேர்ந்து வந்தால் 'வ' ஒலி. அதனால் பெயர் 'வாரி'.

சரி, அந்த எச் எங்கிருந்து வந்தது? மேரி என்ற பெயரின் கேலிக் வடிவம் 'மாரி'. அதில் எச் கிடையாது. ஆனால் அந்தப் பெண்ணைக் கூப்பிடும்போது பெயரின் முதல் மெய் இளகிவிடும். வீட்டு வாசலில் நின்று அம்மா கூப்பிட்டால் 'அ வாரி!' என்றுதான் காதில் விழும். நாம் முருகனை 'முருகா' என்று கூப்பிடுகிறோமே, அதே விளி வேற்றுமைதான். நமக்குச் சொல்லின் கடைசி மாறுகிறது, அவர்களுக்கு முதல் மாறுகிறது. கேலிக் தெரியாதவர்கள் காதில் விழுந்த இந்த விளியையே பெயராக எடுத்துக்கொண்டார்கள். ஆண்களில் ஹேமிஷும் இப்படி வந்ததுதான். மூலப்பெயர் ஷேமஸ், கூப்பிட்டால் 'அ ஹேமிஷ்'.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்த தவறைச் செய்கிறார்கள். 'உங்கள் பெயர் இலக்கணப்படி தப்பு, மாரி என்றுதான் இருக்க வேண்டும்' என்று அந்தப் பெண்ணிடமே சொல்வது. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். வாரி தனிப் பெயராக நிலைத்துவிட்டது. அப்புறம், இதே எழுத்துகளை வைத்துக்கொண்டு 'மாரி' என்று சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. 2015இல் 20 வயதில் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான ப்ளாக்கின் முதல் பெயரும் இதே எழுத்துகள்தான். அவரைப் பற்றிச் செய்தி எழுதுகிறவர், அவர் தம் பெயரைச் சொல்வதை ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதினால் நல்லது.

எச் வந்தாலே விளி என்று நினைப்பதும் பிழை. 'ஷேமஸின் வீடு' என்பதைக் கேலிக்கில் 'டை ஹேமிஷ்' என்பார்கள். அங்கே யாரும் யாரையும் கூப்பிடவில்லை, அது உடைமைப் பொருள். ஸ்கை தீவில் 1821இல் பிறந்து, நிலவுரிமைக்காகப் பாடிய கவிஞரை ஊர் 'மாரி வோர்' என்று அழைத்தது. 'பெரிய மேரி' என்று பொருள். இதில் பெயர் இளகாமல் 'மாரி' என்றே நிற்கிறது. 'பெரிய' என்ற பொருள் தரும் 'மோர்', பெண்பாற் சொல்லுக்குப் பின்னால் வருவதால் 'வோர்' ஆகிறது. இந்த இரண்டு சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், விதி பிடிபட்டுவிடும்.

பொருள் விஷயத்தில்தான் இணையத்தில் அதிகக் குழப்பம். 'கசப்பு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். மேரியின் வேர் எபிரேயத்தின் மிரியாம். அதற்குக் கசப்பு, அன்புக்குரியவள் என்று பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன, அறிஞர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்களுக்கு 'மேரியின் கேலிக் வடிவம்' என்று சொன்னாலே போதும். நம் மாரியம்மனோடும் மழையைக் குறிக்கும் மாரியோடும் இதை முடிச்சுப் போட வேண்டாம். வாரி என்றால் தமிழில் கடல் என்பதும் தற்செயல்தான். ஒலி ஒத்துப்போவதால் உறவு வந்துவிடாது.

இயேசுவின் தாயைக் கேலிக்கில் 'மாரி' என்று சொல்வதில்லை. அவருக்கென்றே 'மொய்ரெ' என்று தனி வடிவம் உண்டு. மல் தீவிலுள்ள டோபர்மோரி என்ற ஊரின் பெயர் அதிலிருந்து வந்தது, 'மரியன்னையின் கிணறு' என்று பொருள். அந்த ஊரிலேயே ஒரு மேரி பிறந்தாலும் அவளுக்கு வைக்கும் பெயர் மாரிதான்.