எழுபது தாண்டியவர் கார் ஓட்டும் வீட்டுக்கு: ராமநாதபுரம் கடலோரச் செய்முறை

என் மாமனாருக்கு வயது 74. ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை என்று எங்கே போனாலும் தன் பழைய வேகன்ஆரை அவரேதான் ஓட்டிப் போவார். "மாமா, இனிமேல் ஓட்டாதீங்க" என்று மருமகள் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கண், மருந்து, வண்டி, வழி, லைசென்ஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி செய்தோம். இன்றும் ஓட்டுகிறார், பகலில் மட்டும். ஓட்டுவது எப்படி என்று இங்கே எதுவும் இல்லை. அது உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

1. கண்

லைசென்ஸ் படிவம் 1-இல் ஒரு கேள்வி இருக்கிறது. நல்ல பகல் வெளிச்சத்தில், 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா? கண்ணாடி போடுபவர் போட்டுக்கொண்டு பார்க்கலாம். யோசிக்காமல் எல்லோரும் "ஆம்" போட்டுவிடும் கேள்வி இது. வாசலிலேயே செய்து பாருங்கள். 25 மீட்டர் என்றால் சாதாரண நடையில் ஏறக்குறைய 33 எட்டு. தெருவில் நிற்கும் வேறு யார் வண்டியையாவது வைத்துப் பாருங்கள், சொந்த வண்டி நம்பர் மனப்பாடமாக இருக்கும். ஒரு கண்ணைப் பொத்தி மறு கண், அப்புறம் இந்தக் கண்.

படித்துவிட்டார் என்பதற்காக விட்டுவிட முடியாது. கண் அழுத்த நோய் வலியே இல்லாமல் பக்கவாட்டுப் பார்வையைத்தான் முதலில் தின்னும். நேரே இருக்கும் நம்பர் பிளேட் நன்றாகத் தெரியும், இடது பக்கம் சைக்கிளில் வரும் பையன் தெரிய மாட்டான். வருடத்துக்கு ஒருமுறை கண் டாக்டரிடம் அழுத்தமும் பார்க்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் பலரும் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். எங்கே போனாலும் சரி, "நான் கார் ஓட்டுகிறேன்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சொட்டு மருந்து விட்டு கண்மணியை விரித்துப் பார்த்தால் அன்றைக்கு அவர் வண்டியைத் தொடக் கூடாது, வேறொருவர்தான் ஓட்டி வர வேண்டும்.

இரவில் ஓட்டுவதற்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடியை வாங்காதீர்கள். வயதான கண்ணுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும், அது இருப்பதையும் குறைத்துவிடும்.

2. மருந்து டப்பா

சீக்கிரம் முடிகிற வேலை. எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டி, "இதில் எது தூக்கம் வரவைக்கும், எது தலை சுற்றவைக்கும்?" என்று கேளுங்கள். சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமின் நன்றாகத் தூக்கம் வரவைக்கும். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிப்ரைடோ எடுப்பவர் என்றால் கிளம்பும் முன் சர்க்கரை பார்ப்பது நல்லது. 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. கை நடுங்கும், புத்தி மந்தமாகும். குளுக்கோஸ் டேஷ்போர்டில் எப்போதும் கிடக்கட்டும்.

(பின்சேர்க்கை: கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் நோன்பு மாதத்தை நினைவுபடுத்தினார். சரிதான். சர்க்கரை உள்ள பெரியவர் நோன்பு திறக்கும் நேரத்துக்கு வீடு சேர்ந்துவிட வேண்டும் என்று மாலையில் விரட்டிக்கொண்டு வருவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான பயணம். அந்த மாதம் மாலையில் சாவி வேறு யார் கையிலாவது இருக்கட்டும்.)

3. முன் கண்ணாடி: எங்களை இழுத்தடித்த இடம்

எதிரே வரும் லைட் கண்ணைக் கூசுகிறது, ரோடே தெரியவில்லை என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணைக் காட்டினோம். புரை ஆரம்பம்தான், ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். கண்ணாடி பவர் மாற்றினோம், பல்பும் மாற்றினோம். கூச்சம் குறையவில்லை. ஒருநாள் ராத்திரி அவர் இடத்தில் நானே உட்கார்ந்து பார்த்தேன். எதிர் லைட் பட்டதும் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியது மாதிரி வெளுத்தது.

உப்பு. கடற்காற்றில் வரும் உப்பு கண்ணாடியில் மெல்லப் படிகிறது. பகலில் கண்ணுக்கே தெரியாது. சாயங்காலம் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு பசை மாதிரி ஆகிவிடும். அதன்மேல் வைப்பரைப் போட்டால் துடைக்காது, இழுவும். உள்பக்கத்திலும் ஒரு படலம் இருக்கும். டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து வெளிவிடும் ஆவி அது. இளம் கண் இதையெல்லாம் தாண்டிப் பார்த்துவிடும், 74 வயதுக் கண்ணால் முடியாது.

துடைக்கும் முறை இதுதான். காய்ந்த துணியால் முதலில் தொடவே கூடாது, உப்பும் மணலும் கீறிவிடும். நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் ஒரு வாளியில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, மறுபடி தண்ணீர் ஊற்றுங்கள். உள்பக்கத்துக்கு ஈரத் துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று போதும். செய்தித்தாள் எனக்குப் பிடிக்காது, மையும் நூலும் ஒட்டும்.

முக்கியமானது தண்ணீர். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் உவர். அதில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கும், பழைய உப்பு போய்ப் புது உப்பு வரும். வைப்பர் டேங்கிலும் பலர் அதையே ஊற்றி வைத்திருப்பார்கள். வீட்டில் ஏசி இருந்தால் வெளியே சொட்டும் தண்ணீரை ஒரு குடத்தில் பிடித்து வையுங்கள். காற்றிலிருந்து இறங்கிய ஈரம் என்பதால் அதில் உப்பு கிடையாது. எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை அதில்தான் கழுவுகிறோம். வைப்பர் ரப்பர் இந்த வெயிலில் சீக்கிரம் விறைத்துவிடும். மழைக்காலம் தொடங்கும் முன், அதாவது ஐப்பசிக்கு முன், மாற்றிவிடுங்கள். ஹெட்லைட் மேல்மூடி மஞ்சளாகியிருந்தால் பாலிஷ் போடச் சொல்லுங்கள்.

உள்ளே இருக்கும் பின்நோக்குக் கண்ணாடியின் அடியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதைத் தள்ளினால் பின்னால் வரும் வண்டியின் லைட் மங்கிவிடும். எத்தனையோ வருடம் ஓட்டியவர்களுக்கே அது எதற்கு என்று தெரியாது.

4. சைடு மிரரும் இருக்கையும்

பெரும்பாலானவர்கள் சைடு மிரரில் தங்கள் வண்டியின் பக்கவாட்டையே பாதி பார்த்துக்கொண்டிருப்பார்கள். கழுத்து திரும்பாத வயதில் அந்தப் பாதி வீண். வலது மிரருக்கு, தலையை வலது ஜன்னல் பக்கம் சாய்த்து, வண்டியின் ஓரம் மயிரிழை தெரியும்வரை மிரரை வெளிப்பக்கம் திருப்புங்கள். இடது மிரருக்குத் தலையை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே சாய்த்து அதேபோல. நிமிர்ந்து உட்கார்ந்ததும் வண்டி மறைந்துவிடும், பக்கத்தில் வரும் பைக் தெரியும். முதல் வாரம் "ஒன்றுமே தெரியவில்லை" என்று திட்டு விழும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் 25 செ.மீ. இடைவெளி வேண்டும். உயரம் பற்றாவிட்டால் கெட்டியான திண்டு வையுங்கள், மெத்தென்றது வழுக்கும். ஹவாய்ச் செருப்பு பெடலில் மாட்டும், பின்வார் வைத்ததுதான் நல்லது.

முழங்கால் வலி என்றதும் ஆட்டோமேட்டிக் கார் வாங்கித் தருகிறார்கள். அறுபதில் மாறினால் சரி. எழுபதுக்கு மேல் புதுப் பழக்கம் என்றால், பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கும் பயம் எனக்கு உண்டு. வாங்கினாலும் காலி மைதானத்தில் நிறையப் பழகட்டும்.

5. வழியும் நேரமும்

நம் ஊர் ரோட்டை நாம்தான் யோசிக்க வேண்டும். தை, மாசியில் நெல்லும், அப்புறம் முண்டு மிளகாயும் ரோட்டோரம் காயும். காயப் போட்டதைச் சுற்றிக் கல் வைப்பார்கள். அள்ளிக்கொண்டு போன பிறகும் கல் மட்டும் அங்கேயே கிடக்கும், இருட்டில் தெரியாது. சீமைக் கருவேலம் ரோடுவரை வளர்ந்த இடங்களில் ஆடு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. வேகம் குறைத்துப் போவதைத் தவிர வழியில்லை.

1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் 2 கி.மீ.க்கு மேல் நீளம், இரு பக்கமும் திறந்த கடல். ஆடிக் காற்றில் பஸ் நம்மைத் தாண்டும்போது ஒரு கணம் காற்று நின்று, தாண்டியதும் பக்கவாட்டில் அறையும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும். ரயில் பாலத்தைப் பார்க்க நிறுத்திவிட்டு நடுரோட்டில் நிற்பவர்களும் இருப்பார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று ராமேஸ்வரம், சேதுக்கரை, தேவிபட்டினம் பக்கம் கார் எடுக்கவே வேண்டாம்.

கிராமச் சாலையிலிருந்து நெடுஞ்சாலையைக் கடந்து வலப்பக்கம் திரும்புவதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம். வரும் வண்டியின் வேகத்தைக் கணிப்பது வயதோடு குறையும். இடப்பக்கம் திரும்பிப் போய், தூரம் தெரியும் ஓர் இடத்தில் திரும்பி வரலாம். இரண்டு நிமிடம் கூடும், கூடட்டும்.

6. லைசென்ஸ்

55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் 5 வருடத்துக்குத்தான் தருவார்கள். முடிவதற்கு ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். பரிவாகன் என்ற அரசுப் போக்குவரத்துத் தளத்தில் சாரதி பகுதிக்குப் போய்ப் படிவம் 9 (புதுப்பிக்கும் விண்ணப்பம்), டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ (மருத்துவச் சான்று) இரண்டையும் கொடுக்க வேண்டும். தெரியாத டாக்டரிடம் கையெழுத்து மட்டும் வாங்கி வருவதை நான் ஒப்ப மாட்டேன். 5 வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் பரிசோதனையை வீணாக்குவானேன்?

(பின்சேர்க்கை: அப்பாவின் புத்தக வடிவ லைசென்ஸ் நம்பரைப் போட்டால் தளத்தில் எதுவும் வரவில்லை என்று சிலர் எழுதினீர்கள். பழைய பதிவேடு கணினியில் ஏறியிருக்காது. லைசென்ஸ் கொடுத்த ஆர்டிஓ ஆபீஸில் ஏற்றச் சொல்லிவிட்டுத்தான் ஆன்லைனில் மேற்கொண்டு போக முடியும்.)

7. பேச்சு

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் கேட்பது: அப்பா எப்படி ஓட்டுகிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஊருக்கு வந்ததும் வண்டியின் இடது பக்கத்தைப் பாருங்கள். பின்கதவிலும் பம்பர் முனையிலும் புதுக் கீறல்கள் கூடியிருந்தால் இடப்பக்கத் தூரம் அவருக்குப் பிடிபடவில்லை. அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை போய் வாருங்கள், வாயைத் திறக்காமல்.

பேரப்பிள்ளைகள் முன்னால் இதைப் பேசாதீர்கள். எங்கள் வீட்டில் "ராத்திரி வேண்டாம்" என்பதைக் கண் டாக்டர் வாயால்தான் சொல்ல வைத்தோம். அத்தை அதைப் பிடித்துக்கொண்டார், நான் நடுவில் வரவே இல்லை. ராத்திரிக் கல்யாணம், மதுரைப் பயணம் எதுவானாலும் ஆக்டிங் டிரைவர். ஊரில் தெரிந்த இரண்டு பேரை முன்கூட்டியே பேசி வைத்து, நம்பரை மாமா போனிலேயே பதிந்து கொடுங்கள். கூப்பிடுவது அவராக இருக்கட்டும், கூலியும் அவர் கையால் போகட்டும்.