செட்டிநாட்டு வீடு எந்தக் காலத்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் முகப்புக்கு முன்னால் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். முகப்பை மட்டும் பார்த்து வீட்டின் வயதைச் சொல்ல முடியாது. தாத்தா கட்டிய ஓட்டு வீட்டுக்குப் பேரன் பர்மாவிலிருந்து பணம் கொண்டுவந்து புது முகப்பு வைத்த கதை இங்கே தெருவுக்குத் தெரு உண்டு.

அதனால் பின்னாலிருந்து தொடங்குங்கள். நிறைய வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும், பின்தெருவுக்குப் போய் அடுப்படிப் பக்கச் சுவரையும் கூரையையும் முதலில் பாருங்கள். அங்கே யாரும் அலங்காரத்துக்குச் செலவு செய்திருக்க மாட்டார்கள், பழைய சுவர் பழையபடியே இருக்கும். அப்புறம் காவலாளியிடமோ வீட்டுக்காரரிடமோ அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள்.

வளவுதான் வீட்டின் உயிர். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண், அதை ஒட்டி ஒவ்வொரு மகனுக்கும் தனித்தனி அறை. கல்யாணமான மகன் ஒரு 'புள்ளி', அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கு; அவன் அறைக்குப் பெயரே 'வீடு'தான். இந்த அமைப்பு காலம் மாறியும் பெரிதாக மாறவில்லை, மாறியதெல்லாம் அதன் மேல் ஏறிய பொருள்கள். ஒரே தளம், நாட்டு ஓடு, மரத்தூண், திண்ணை என்று அடக்கமாக இருந்தால் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு வீடு.

1900-க்குப் பிறகு செட்டியார்கள் வட்டித் தொழிலில் பர்மா, மலேயா, இலங்கை என்று செழித்தபோது கப்பலில் வந்த சாமான்கள் வீட்டுக்குள் நுழைந்தன: பர்மா தேக்கு, இத்தாலி பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி. கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனை இந்தக் காலத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. சுவரின் கீழ்ப்பாதியில் பூ வேலை மேடிட்ட, பளபளக்கும் ஜப்பான் ஓடு பதித்திருந்தால் அந்த வேலை 1910-க்கும் 1940-க்கும் இடையில் நடந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம், அவை அந்தக் காலத்தில்தான் அதிகம் ஏற்றுமதியாயின. பூச்சையும் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த பழைய பூச்சு பளிங்கு மாதிரி வழுவழுப்பாகவும் குளுமையாகவும் இருக்கும், சிமெண்டுப் பூச்சு கையில் சொரசொரக்கும்.

வளைந்த பால்கனி, படிப்படியாக ஏறும் கைப்பிடிச்சுவர், உதிக்கும் சூரியன் மாதிரி இரும்புக் கிராதி கண்ணில் பட்டால் 1930-களுக்கு வந்துவிட்டீர்கள். 1925 பாரிஸ் கண்காட்சியிலிருந்து பெயர் பெற்ற ஆர்ட் டெக்கோ பாணி அது. சென்னையில் எல்.எம். சித்தாலே போன்ற கட்டடக் கலைஞர்கள் வேலை செய்துகொண்டிருந்த அதே காலம். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு 1941-இல் கட்டப்பட்டதாக ஊரில் சொல்வார்கள். 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் வருமானம் அறுந்து, இந்த அளவு மாளிகை எழுவது நின்றுபோனது.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடி கல்லை வைத்து மட்டும் வயதை முடிவு செய்யாதீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்து ஊற்றி, சுடாமல் தண்ணீரில் ஊறவைத்தே எடுக்கும் அந்தக் கல் இன்றும் அதே ஊரில் தயாராகிறது, போன வருஷம் மாற்றிய தரையாகவும் இருக்கலாம். அதைவிட நம்பகமானது நிலைக்கு மேலேயோ இரும்புக் கிராதியிலோ இருக்கும் விலாசமும் வருஷமும். விலாசம் என்றால் குடும்பத்தின் முதலெழுத்துகள், அது தெரிந்தால் மீதியை ஊர்ப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். கட்டச் சொன்ன செட்டியார் பெயர் வாசலில் இருக்கிறது, கட்டிய கொத்தனார், ஆசாரி, ஸ்தபதி பெயர் எங்கும் இல்லை. வீடுகள் பிரிந்து தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன, அதோடு அந்த நினைவும் போகிறது. போகிற வீட்டிலெல்லாம் 'இதைச் செய்தது யார், எந்த ஊர்க்காரர்?' என்று ஆச்சியிடம் கேளுங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் வீட்டு விலாசத்தோடும் அவர் செய்த வேலையோடும் சேர்த்து எழுதிவைத்துவிடுங்கள்.