ரோபோ போட்டியில் மேசையோ மதிப்பெண்ணோ தவறாக இருந்தால் யாரிடம், எப்படிக் கேட்பது

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வு பார்க்கிறேன். அளவுக் கருவியைச் சோதிக்காமல் அது காட்டும் எண்ணை அங்கே யாரும் ஏற்க மாட்டார்கள். மகளின் ரோபோ குழுவுக்குத் தொண்டூழியராகப் போக ஆரம்பித்த பிறகு, பிள்ளைகளின் போட்டியிலும் அதையே எதிர்பார்க்கிறேன். மாதக்கணக்கில் உழைத்த பிள்ளைக்கு ஏன் இந்த மதிப்பெண் என்று ஏற்பாட்டாளர் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படியுங்கள். போட்டிக்குப் போட்டி முறை வேறு. உலக ரோபோ ஒலிம்பியாடில் மதிப்பெண் தாளைச் சரிபார்த்துக் குழு கையெழுத்துப் போடுகிறது; போட்ட பிறகு வாதம் எடுபடாது. ஃபர்ஸ்ட் லெகோ லீகில் இரண்டரை நிமிட ஓட்டம் முடிந்ததும் நடுவரோடு மேசை அருகிலேயே பேசி முடிக்க வேண்டும். வெக்ஸ் ரோபோ போட்டியில் நடுவர் படமோ காணொளியோ பார்த்து முடிவை மாற்ற மாட்டார். பேசும் உரிமையும் களத்தில் நிற்கும் மாணவர்களுக்கு மட்டும்தான். ஆகவே நாம் எவ்வளவு படித்திருந்தாலும் பேசப் போவது பிள்ளைதான். வீட்டிலேயே பழக்குங்கள்.

மேசைப் பிரச்சினைக்கு வருகிறேன். ஒரு போட்டியில், ரோபோ ஓடும் மேசையில் விரிக்கும் பாயை யாரோ சுருட்டாமல் மடித்து வைத்திருந்தார்கள். நடுவில் விரல் தடிமனுக்கு ஒரு மேடு. ரோபோ அதன் மேல் ஏறியதும் முன்பக்கம் தூக்கிக்கொண்டது, பாயில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கும் கலர் சென்சார் பாயிலிருந்து விலகியது. வெள்ளையில் 70 காட்ட வேண்டியது சட்டென்று 30க்கு இறங்க, கறுப்புக் கோடு வந்துவிட்டது என்று நினைத்து ரோபோ திரும்பிவிட்டது. பக்கத்து மேசையில் பாய் படிந்து கிடந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். வெளிச்சம் மாறலாம், பாய் கொஞ்சம் சமமில்லாமல் இருக்கலாம், குழு அதற்குத் தயாராக வர வேண்டும் என்று விதிகளே சொல்லும். எல்லா மேசையிலும் ஒரே மாதிரி இருந்தால் அது புகார் ஆகாது. ஒரு மேசை மட்டும் வேறாக இருந்தால் ஆகும். அதனால் பயிற்சி நேரத்திலேயே ஒவ்வொரு மேசையிலும் ஒரே இடத்தில் சென்சாரை வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரோபோ இயக்க வேண்டிய மாதிரிப் பொருள்கள் மேசையில் உறுதியாக ஒட்டியிருக்கின்றனவா என்று லேசாக அசைத்துப் பார்க்கலாமா என நடுவரைக் கேட்கட்டும். குறை தெரிந்தால் ஓட்டம் தொடங்கும் முன் சொல்ல வேண்டும்: "சார், இந்த மேசையில் பாய் மேடாக இருக்கு, பக்கத்து மேசையில் இல்லை. ஒருமுறை பார்க்கிறீங்களா?" இதற்கு மேல் எதுவும் வேண்டாம். நல்ல நடுவர் குனிந்து பார்ப்பார்.

மதிப்பெண்ணில் பெரும்பாலும் தகராறு வருவது, ரோபோ கொண்டுபோய் வைத்த கட்டை கட்டத்துக்குள் முழுதாக இருக்கிறதா, கோட்டைத் தொடுகிறதா என்பதில்தான். மேசையைக் கலைக்கும் முன் பிள்ளை விரலால் சுட்டிக்காட்டி, விதி எண்ணைச் சொல்லிக் கேட்கட்டும். கூட்டலையும் சரிபார்க்கட்டும். சந்தேகம் தீரவில்லையா, பேனாவை எடுக்காமல் தலைமை நடுவரைக் கூப்பிடச் சொல்லலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது. கியாசு, அதாவது எதையும் விட்டுக்கொடுக்காதவர் என்று நினைப்பார்களோ என்று கூச்சப்படும் பெற்றோர் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சத்தின் விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறது.

போட்டி முடிந்துவிட்டால் எழுத்தில் கேளுங்கள். பள்ளிப் பெயரில் பதிந்திருந்தால் இணைப்பாட நடவடிக்கை ஆசிரியர் வழியாகத்தான் போக வேண்டும். அவரைத் தாண்டி எழுதினால் அவருக்கும் சங்கடம், பதிலும் வராது. அன்றிரவே குறிப்பை எழுதி அவரிடம் கொடுங்கள்: எந்தச் சுற்று, எந்த மேசை, எத்தனை மணி, என்ன பார்த்தோம், எந்த விதி, யாரிடம் எப்போது சொன்னோம். படம் இணைத்தால் மற்ற பிள்ளைகளின் முகம் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் மூன்றே கேள்விகள்: எங்கள் மதிப்பெண் தாளின் நகல் கிடைக்குமா? மேசைகளை யார், எப்போது சோதித்தார்கள்? அந்த மேசையில் ஓடிய மற்றக் குழுக்களுக்கு என்ன செய்தீர்கள்? நடுவரின் நேர்மையைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். அவர்களில் பலர் நம்மைப் போல் விடுமுறை நாளைக் கொடுத்து வந்த தொண்டூழியர்கள். பதில் சொல்ல வேண்டியது அவர்களை அங்கே நிறுத்திய அமைப்பு. பதில் எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

அந்தப் பாய் விஷயத்தில் தரவரிசையில் எங்கள் இடம் மாறவில்லை. ஆனால் பாயைச் சுருட்டியே வைப்போம், காலையில் எல்லா மேசையையும் சோதித்துக் கையெழுத்திடுவோம் என்று எழுத்தில் பதில் வந்தது. எனக்கு அது பெரிய விஷயம்.

தனியார் நிலையம் கட்டணம் வாங்கி நடத்திய போட்டியில் சொன்னதைத் தரவே இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் உண்டு. 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள் கோர வேண்டும். அங்கே பணம்தான் திரும்பக் கிடைக்கும், பரிசும் இடமும் கிடைக்காது.

அடுத்த ஆண்டு பதியும் முன் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: மாற்று மேசை உண்டா, முறையீட்டுக்கு எவ்வளவு நேரம், இறுதி முடிவு யாருடையது, ஒவ்வொரு சுற்றின் மதிப்பெண்ணையும் வெளியிடுவீர்களா? பதில் கைக்கு வந்த பிறகு கட்டணத்தைக் கட்டுங்கள்.